பழைய லூகாஸ் மூடுபனி விளக்குகள்: எதில் காசு போடுவது?

கோலாலம்பூரில் மூடுபனி விளக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டால், அவர் இரவில் பத்தாங் காலி வழியாகக் கெந்திங் ஏறியதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் பாதையிலும் மாலை மழை விட்டதும் மேகம் அப்படியே சாலையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பினாங்கில் கதை வேறு. பினாங்கு மலைக்கு நம் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. அங்கே தொல்லை கொடுப்பது தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு வரும் வளைவுகளில் கொட்டும் அடைமழை. அந்த மழையிலும் சாலையின் ஓரக் கோட்டைக் காட்ட, தாழ்வாக விரியும் ஒரு விளக்கு உதவத்தான் செய்யும்.

ஆக, 1960களின் எம்ஜிபி, டிரையம்ஃப் டிஆர்4, ஆஸ்டின் ஹீலி மாதிரி ஒரு கார் கையில் இருந்து, அதன் பம்பருக்கு முன்னால் இரண்டு பழைய விளக்குகள் மங்கிப்போய் நின்றால், அவற்றை என்ன செய்வது என்பது அலங்காரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. நம் ஊரில் பொதுவாக நான்கு பதில்கள் கிடைக்கின்றன. உள்ளதைப் புதுப்பிக்கலாம். அதே தோற்றத்தில் வரும் நகலை வாங்கி மாட்டலாம். பழைய கூட்டுக்குள் எல்இடி பொருத்தலாம். அல்லது வயரைக் கழற்றிவிட்டு வெறும் அழகுக்கு விட்டுவிடலாம். நான் எம்ஜிபியை வைத்தே பேசுகிறேன். மற்ற பிரிட்டிஷ் கார்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

முதலில், கையில் இருப்பது எது?

லூகாஸ் என்பது கார் மின்சாமான் செய்த பிரிட்டிஷ் கம்பெனி. அதன் அந்தக் காலத்து விளக்குகளில் அதிகம் கண்ணில் படுபவை 576 வரிசையும் 700 வரிசையும். முன்னது சுமார் ஐந்தே முக்கால் அங்குலம், பின்னது ஏழு அங்குலம். எண்ணுக்கு முன்னால் எஸ்எஃப்டி என்று இருந்தால் அது மூடுபனி விளக்கு. எஸ்எல்ஆர் என்று இருந்தால் தூரத்துக்கு அடிக்கும் விளக்கு. வெளிக்கூடு ஒன்றுபோலவே இருக்கும், கண்ணாடிதான் வேறு. எஸ்எஃப்டியின் கண்ணாடியில் செங்குத்தான வரிகள் நெருக்கமாக ஓடும். அந்த வரிகள்தான் ஒளியைப் பக்கவாட்டில் விரிக்கின்றன. காரில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று ஜோடி மாறி இருந்தால் யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் அந்தக் காலத்தில் அப்படி மாட்டுவது வழக்கம்தான். அது நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது மின்சாரக் கணக்குக்கு வரும்போது தெரியும்.

மூடுபனி விளக்கு வேலை செய்வதற்குக் காரணம் மூன்று. ஒளி தாழ்வான இடத்திலிருந்து கிளம்புகிறது, அகலமாக விரிகிறது, மேல்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல நின்றுவிடுகிறது. மேலே போகும் ஒளிதான் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. மஞ்சள் நிறத்துக்கு இதில் பங்கு குறைவு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அதனால் மஞ்சளானாலும் வெள்ளையானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும். மஞ்சளில் கண் கூசுவது குறைகிறது என்பது உண்மை. ஆனால் மஞ்சள் வடிகட்டி கொஞ்சம் ஒளியையும் விழுங்கிவிடும். பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருந்ததால், சிபியே, மார்ஷால் போன்ற பிரெஞ்சு விளக்குகளின் மஞ்சள் முகம் பலருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்தால் போடுங்கள். அது மாயம் செய்யும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

அந்த மூன்று காரணங்களில் தாழ்வு என்பது மாட்டும் இடத்தைப் பொறுத்தது. மற்ற இரண்டையும் தருவது கண்ணாடியும், அதற்குப் பின்னால் பல்பின் ஒளியைத் திருப்பி முன்னால் அடிக்கும் கிண்ணமும். வெளியே மின்னும் குரோம் வளையத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. பணத்தை எங்கே போடுவது என்ற முடிவு இங்கேயே பாதி ஆகிவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலோர் முதலில் ஓடுவது குரோம் கடைக்குத்தான்.

பழசைப் புதுப்பித்தால்

கிண்ணத்தின் உள்ளே பாருங்கள். ஓரம் மட்டும் லேசாகக் கறுத்திருந்தால் பிழைத்தீர்கள். நடுவில் பல்பைச் சுற்றிக் கறுத்துப்போய், துரு புள்ளியாகத் தெரிந்தால் பூச்சை மாற்றியே ஆக வேண்டும். எப்படிப்பட்ட கிண்ணமானாலும் உலோக பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, ஒரே தேய்ப்பில் போய்விடும். வெள்ளிப் பூச்சு கொஞ்சம் தாங்கும் என்றாலும் தேய்த்த கோடுகள் நிற்கும். ஒளி அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறும்.

பூச்சில் மூன்று வகை உண்டு. வெள்ளி, தன்மேல் படும் ஒளியில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பித் தரும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் அலுமினியம் 90 சதவீதத்தை ஒட்டித் தரும். குரோம் 65 சதவீதம்கூடத் தேறாது. "உள்ளேயும் குரோம் அடிச்சிருவோம்ண்ணே, பளபளன்னு இருக்கும்" என்று முலாம் கடைத் தம்பி ஆசையாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும், சாலையில் மூன்றில் ஒரு பங்கு ஒளி காணாமல் போயிருக்கும்.

வெள்ளியா அலுமினியமா என்றால், ஏட்டளவில் அலுமினியம் நமக்குப் பொருத்தம். வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தால் கறுக்கும், ஈரப்பதம் அந்த வேலையை வேகப்படுத்தும். ஈரப்பதத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெற்றிடப் பூச்சு போடும் ஆலைகள் பிளாஸ்டிக் துண்டுகளை மொத்தமாகச் செய்பவை. இரண்டு கிண்ணத்துக்காக இயந்திரத்தைத் தனியாக ஓட்டமாட்டார்கள். அவர்களுடைய அடுத்த சுற்றில் நம்முடையதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். முடியாவிட்டால் பிரிட்டனில் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். போக வர தபால் செலவு வேலைக்கூலியையே மிஞ்சினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெள்ளிக்கு நம்மவர்களிடமே வழி இருக்கிறது. கோயில் கவசத்துக்கும் திருவாசிக்கும் வெள்ளி முலாம் போடுகிற கைவினைஞர்களுக்கு ஒரு பித்தளைக் கிண்ணம் பெரிய வேலை இல்லை. கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பக்கமோ, பினாங்கில் குவீன் ஸ்ட்ரீட் பக்கமோ பூஜைச் சாமான் விற்கும் கடைகளில், முலாம் வேலை யார் செய்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சக்கரத்தில் வைத்து அதிகம் தேய்க்கக் கூடாது. கிண்ணத்தின் வளைவு கொஞ்சம் மாறினாலும் ஒளி வேறு எங்கோ போய் விழும். மேலே வார்னிஷ் பூசவும் கூடாது. பல்பின் சூட்டில் அது பழுப்பாகிவிடும். கொண்டுபோகும் முன்பே கிண்ணத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பித்தளை, கவலை இல்லை. ஒட்டினால் இரும்பு. அதற்கு அடியில் செம்பு, நிக்கல் என்று அடுக்கு போட்டுத்தான் வெள்ளிக்கு வர வேண்டும்.

இந்த வழியில் பெரிய ஆபத்து கண்ணாடி. சில மாதிரிகளில் கண்ணாடியும் கிண்ணமும் ஒட்டியே வரும். மெதுவாகச் சூடேற்றித்தான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். ஏற்கெனவே கீறலோ சில்லோ விழுந்த கண்ணாடியாக இருந்தால், நான் புதுப்பிக்கும் யோசனையையே விட்டுவிடுவேன். ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தையிலும் எப்போதாவது இப்படிப்பட்ட விளக்குகள் தலைகாட்டும். அங்கே வளையம் துருப்பிடித்து, கண்ணாடி முழுசாக உள்ளதைத் தேடி வாங்குங்கள். ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக.

பல்பு விஷயம் சுலபம். பழைய பிரிட்டிஷ் விளக்குகள் பலவற்றில் பி36டி என்ற அடிப்பாகம் உள்ள பல்பு இருக்கும். அதே அடிப்பாகத்தோடு ஹாலஜன் பல்பும் இப்போது கிடைக்கிறது. கிண்ணத்தில் கைவைக்காமலே ஒளி கூடும்.

நகல் விளக்கு

576, 700 இரண்டுக்கும் நகல்கள் வருகின்றன. பெரும்பாலும் எச்3 என்ற 55 வாட் ஹாலஜன் பல்பு இருக்கும். பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், கிண்ணம் புதுசு, வளையம் புதுசு, மாட்டினால் எரியும். வேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். பட்டறை போர்மேனைக் கெஞ்ச வேண்டாம், முலாம் கடையில் காத்திருக்க வேண்டாம். இணையத்தில் வாங்கினால் 500 ரிங்கிட்டுக்குக் குறைவான பொருளுக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய தயக்கம் கண்ணாடியில்தான். நல்ல நகலும் உண்டு, கண்ணாடியின் வரிகளை ஏனோதானோ என்று அச்சடித்த நகலும் உண்டு. படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வந்ததும் காரில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பேட்டரியில் கொடுத்து, இருட்டில் சுவரில் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு கோடாக நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வட்டமாக மேலும் கீழும் பரவினால் அது பெயருக்குத்தான் மூடுபனி விளக்கு, மலையில் ஹைபீம் செய்கிற அதே தொல்லையைத்தான் தரும். திருப்பி அனுப்ப வழி உள்ள கடையில் வாங்குவது இதற்காகத்தான். நகலின் குரோம் பூச்சும் பழைய லூகாஸ் அளவுக்குக் கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடற்கரைக் காற்று படும் பினாங்கு வீடுகளில் நிற்கும் காருக்கு இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எல்இடி

வயர்மேன் கேட்காமலே சொல்லும் பதில் இது. "தம்பி, எல்இடி போட்டுடுவோம். கரண்டும் கம்மி, வெளிச்சமும் அதிகம்." முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி சுவரில் அடித்துப் பார்க்கும்வரைதான்.

பழைய கிண்ணம், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எரிகிறது என்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடி பல்பிலோ ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒளி கிளம்பும் இடம் மாறிவிடுகிறது, மேல் விளிம்பு கலைந்துவிடுகிறது. எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், நமக்கும் பனியில் வெள்ளைச் சுவர்தான். கண்கூசவைக்கும் விளக்குகளை ஜேபிஜேயும் (சாலைப் போக்குவரத்துத் துறை) போலீசும் அவ்வப்போது பிடிக்கிறார்கள் என்பது தனி. இன்னொரு விஷயம், ஹாலஜனின் சூட்டில் கண்ணாடியின் உட்புற ஈரம் காய்ந்துவிடும். எல்இடி தன் சூட்டைப் பின்பக்கமாகத்தான் தள்ளுகிறது. கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால் நம் ஊர் ஈரத்தில் உள்ளே வேர்த்துப்போய் நிற்கும்.

1967க்கு முந்தைய எம்ஜிபி என்றால் இன்னொரு சிக்கல். அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சாதாரண பல்புக்கு இது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். எல்இடிக்கு அப்படி இல்லை. மாற்றிக் கொடுத்தால் எரியாது. அதன் உலோக உடம்பு நெகட்டிவாக இருந்து அது கூட்டைத் தொட்டால் நேரடியாக ஷார்ட் ஆகும். "எல்லாக் காரும் ஒரே மாதிரிதானே" என்று சொல்கிற இளம் வயர்மேனிடம் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எல்இடிக்குச் சாதகமாக ஒன்றே ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடிகிறது. ஆனால் அது கனமான ஒன்று.

டைனமோ கணக்கு

அதிக மின்சாரம் தரும் அல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய எம்ஜிபியில் மின்சாரம் தருவது லூகாஸ் சி40 டைனமோ. அதன் உச்சமே 22 ஆம்பியர். மழை இரவில் மலை ஏறும்போது என்னென்ன எரிகிறது என்று கூட்டிப் பாருங்கள். லோபீமில் இரண்டு ஹெட்லைட், 40 வாட் வீதம், ஏறக்குறைய ஏழு ஆம்பியர். பக்க விளக்கு, பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு சேர்ந்து இரண்டரை. வைப்பர் மூன்று. இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் நான்கு என்று வையுங்கள். பதினாறரை ஆகிவிட்டது. இதற்கு மேல் 55 வாட் மூடுபனி விளக்கு இரண்டு போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். மொத்தம் 22ஐ மட்டுமல்ல, 25ஐயும் தாண்டுகிறது. அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போதுதான் 22. கெந்திங் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தால் டைனமோ அதில் பாதிகூடத் தராது. மீதியைப் பேட்டரி கொடுக்கும், கொடுத்துக்கொண்டே காலியாகும்.

15 வாட் எல்இடி இரண்டு என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதனால்தான் டைனமோ கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வேறு வழி பிடித்திருக்கிறது, அது அந்தக் காலத்து வழி. ஒரு பக்கம் எஸ்எஃப்டி, மறுபக்கம் எஸ்எல்ஆர். பனியில் மூடுபனி விளக்கு ஒன்று மட்டும் எரியும், நாலரை ஆம்பியர்தான். தூர விளக்கு ஹைபீமோடு மட்டும் எரியும். இரண்டும் சேர்ந்து எரியாதபடி சுவிட்சை அமைத்தால் பனியில் கணக்கு 22க்குள் அடங்கிவிடும். ஜோடி கலையாது, முகமும் மாறாது. மூடுபனி விளக்கைச் சாலை ஓரத்தை ஒட்டிய பக்கம், அதாவது நமக்கு இடது பக்கம் வையுங்கள். பனியில் நாம் பிடித்துக்கொண்டு போவது அந்த ஓரக் கோட்டைத்தான்.

எந்த வழியை எடுத்தாலும் ரிலே வேண்டும், அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பழைய காரில் மின்சாரம் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி விளக்குக்கு வருவதற்குள் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் ஒளி முப்பது சதவீதம் போய்விடும். கிண்ணத்துக்கு வெள்ளி போட்டுச் சம்பாதித்ததையெல்லாம் வயரில் தொலைப்பதில் என்ன பயன்? பேட்டரியிலிருந்து வரும் கனமான வயரில் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை, 87இலிருந்து விளக்குக்கு 2 சதுர மில்லிமீட்டர் வயர். பழைய சுவிட்ச் 85, 86 முனைகளை மட்டும் இயக்கினால் போதும். பிரிட்டிஷ் வயர் நிற முறைப்படி முன் மூடுபனி விளக்குக்குச் சிவப்பில் மஞ்சள் கோடு. அதே நிறத்தில் போட்டால் அடுத்த முறை பார்க்கும் வயர்மேன் உங்களை வாழ்த்துவார். எர்த் வயரைப் பம்பர் இரும்பில் மாட்டாமல் தனியாக இழுங்கள். பம்பரின் பாதி போல்ட்டுகளில் துருதான் இருக்கும்.

சும்மா அழகுக்கு

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கண்காட்சிக்கும் ஞாயிறு காலை பங்சார் பக்கம் ஒரு சுற்றுக்கும் மட்டும் வெளியே வரும் கார் என்றால், வளையத்துக்குக் குரோம் போட்டு வயரைக் கழற்றி விட்டுவிடலாம், தப்பில்லை. கிண்ணத்தை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள். பின்னால் வாங்குபவர் ஓட்டுகிற ஆளாக இருக்கலாம்.

நான் எதை எடுப்பேன்

கண்ணாடி முழுசாக இருந்தால் பழசைப் புதுப்பிப்பேன். பணத்தைக் கிண்ணம், ரிலேயும் வயரும், கண்ணாடி கேஸ்கெட் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர்) என்ற வரிசையில் போட்டு, மிச்சம் இருந்தால் வளையத்துக்குப் போவேன். வளையத்தில் புள்ளி விழுந்திருப்பது எனக்கு உறுத்தாது. அறுபது வயதுக் காரின் முகத்தில் நேற்று வாங்கின மூக்குத்தி மாதிரி வளையம் மட்டும் மின்னுவதுதான் உறுத்தும். கண்ணாடி போயிருந்தால் நகல், அதுவும் சுவர் சோதனையில் தேறினால். டைனமோ காராக இருந்தால் எஸ்எஃப்டி ஒன்று, எஸ்எல்ஆர் ஒன்று. அல்டர்னேட்டர் காராக இருந்தால் இரண்டு எஸ்எஃப்டியும் தாராளமாகப் போடலாம். எல்இடிக்கு நான் போகும் ஒரே இடம், பழைய தோற்றத்தில் கூடு, கண்ணாடி, சில்லு எல்லாம் ஒன்றாகவே வடிவமைத்து வந்த முழு விளக்கு. பழைய கிண்ணத்துக்குள் சொருகும் பல்புக்கு என் காரில் இடம் இல்லை.

மாட்டும்போது இரண்டு விஷயம். கண்ணாடியில் மேல்பக்கம் எது என்று குறி இருக்கும், அது மேலே இருக்க வேண்டும். கூட்டின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அது கீழே வர வேண்டும். நிற்கவைத்து மாட்டும் விளக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அந்தத் துளை வழியாகவே மழை உள்ளே போகும். அப்புறம் சமதளத்தில் காரைச் சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி சாய்த்து இறுக்குங்கள். டிக்கியில் சாமானும் பக்கத்தில் ஆளும் வழக்கமாக இருக்கும் என்றால், அந்தப் பாரத்தோடு வைத்தே இதைச் செய்யுங்கள். எம்ஜிபியின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பாரத்தில் இறங்கினால் மூக்கு மேலே தூக்கும், விளக்கும் கூடவே தூக்கும்.